அரை நொடிக் குரல்

பெங்களூரின் வடமேற்கில், துமகூரு சாலையை ஒட்டி இருக்கிறது பீன்யா தொழிற்பேட்டை. லேத் பட்டறைகளும் முலாம் பூசும் கூடங்களும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் நெருக்கியடிக்கும் இடம். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருக்கிறது. கிழக்கே சென்னைப் பக்கம் போனாலும் மேற்கே மங்களூருப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க 300 கிலோமீட்டர் அளவுக்குப் பயணப்பட வேண்டும். ஆனால் வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ ஒரு படகு மூழ்கத் தொடங்கி, அதில் இருப்பவர் ஆபத்து அறிவிப்புக் கருவியின் பொத்தானை அழுத்தினால், அந்தச் சேதி முதலில் வந்து சேரும் இடங்களில் ஒன்று பீன்யா. இஸ்ரோவின் தொலையளவி, தடமறிதல், கட்டளை வலையமைப்பான இஸ்ட்ராக் இங்கேதான் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது தொலைக்காட்சியில் நாடே பார்த்த கட்டுப்பாட்டு அறை இந்த நிறுவனத்தினுடையது. இதே நிறுவனத்தில், கேமராக்கள் எட்டிப் பார்க்காத இன்னொரு பணியும் இரவு பகலாக நடக்கிறது. இந்தியப் பணிக் கட்டுப்பாட்டு மையம் என்று அதற்குப் பெயர். இந்தியக் கடல்களின் அபயக் குரல்கள் மட்டுமின்றி இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், செஷல்ஸ், தான்சானியா ஆகிய நாடுகளுக்கான குரல்களையும் இந்த மையம் கவனித்துக்கொள்கிறது. அலைச் சத்தமே எட்டாத ஓர் ஊருக்குக் கடலின் குரல் எப்படிக் கேட்கிறது?

கரையில் இருப்பவர்கள் கேட்டால் போதாதா என்று முதலில் தோன்றும். மீனவர்கள் வயர்லெஸ் என்று சொல்லும் விஎச்எஃப் வானொலியின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. படகில் ஐந்து மீட்டர் உயரத்தில் ஆண்டெனா கட்டியிருந்தால், அதே உயர ஆண்டெனா உள்ள இன்னொரு படகுடன் இருபது கிலோமீட்டருக்குள் பேசலாம். கரையில் உயரமான கோபுரம் இருந்தால் நாற்பது கிலோமீட்டர்வரை எட்டலாம். அதற்கு அப்பால் கடலின் வளைவே சுவராக நின்றுவிடும். கைபேசி அந்த அளவுக்குக்கூட எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் கரையிலிருந்து மிக நெடுந்தொலைவில் இருந்தார்கள். புயல் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவர்களுடைய குரல் கரையை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்மக்களை இழந்தன. வளைவைத் தாண்டிக் கேட்க வேண்டுமானால் உயரம் வேண்டும். 850 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோளுக்குத் தன் கீழ்ப்புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் 3,000 கிலோமீட்டர்வரை பூமி தெரியும். படகின் குரலை அது கேட்டுத் தரைக்கு அனுப்பினால், தரையில் உள்ள ஆண்டெனாவுக்கு வானம் தெரிந்தால் போதும்; கடல் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆண்டெனா பெங்களூரில் இருக்கலாம், லக்னோவிலும் இருக்கலாம். இந்தியா இரண்டு ஊர்களிலும் இத்தகைய தரை நிலையங்களை வைத்திருக்கிறது. அவற்றின் கட்டுப்பாட்டு மையம் பீன்யாவில் அமைந்ததற்கு ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்ட ஆர்யபட்டாவை யு.ஆர்.ராவ் குழுவினர் உருவாக்கியது இந்தத் தொழிற்பேட்டையின் கொட்டகைகளில்தான்.

கேட்டால் மட்டும் போதாது என்பதில்தான் அறிவியல் தொடங்குகிறது. இந்தியா தேடல், மீட்புப் பொறுப்பை ஏற்றிருக்கும் கடல்பரப்பு 46 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் எங்கிருந்து குரல் வந்தது? இன்று கைபேசியே இருப்பிடத்தைக் காட்டுவதால் இதில் என்ன கடினம் என்று கேட்கத் தோன்றலாம். 1979-இல் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகள் இதற்காகக் கைகோத்தபோது ஜிபிஎஸ் முழுமை பெற்றிருக்கவில்லை. பனிப்போரின் உச்சத்தில் எதிரெதிர் அணிகள் சேர்ந்து கட்டிய அமைப்புக்குக் காஸ்பாஸ்-சார்சாட் என்று பெயர். முதல் செயற்கைக்கோளைச் சோவியத் ஒன்றியம் 1982 ஜூன் 30 அன்று ஏவியது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்காட்டில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூன்று பேர் அதன் உதவியால் உயிரோடு மீட்கப்பட்டார்கள். விமானத்தில் இருந்த கருவி தன் இடத்தைச் சொல்லவில்லை, அதற்கே தெரியாது. ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சுருதியிலிருந்தே இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

துமகூரு சாலை மேம்பாலத்தில் ஒரு லாரி, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் விரைகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே கண்ணை மூடி நிற்பவருக்கு, லாரி நெருங்கும்போது ஹாரனின் சுருதி உள்ளதைவிட உயர்ந்து கேட்கும். கடந்து போனதும் தாழ்ந்து கேட்கும். நெருங்கி வரும்போது ஒவ்வோர் ஒலியலையும் முந்தையதைவிடக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து புறப்படுவதால் அலைகள் நெருக்கமாக வந்து சேர்கின்றன. விலகும்போது இடைவெளி விட்டு வருகின்றன. 1842-இல் இதை விளக்கிய ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளரின் பெயரால் இது டாப்ளர் விளைவு எனப்படுகிறது. இதில் பலர் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்று உண்டு. கேட்பவர் மேம்பாலத்தை ஒட்டியே நின்றால் சுருதி சட்டென்று, வெட்டி விழுந்தாற்போல் இறங்கும். மூன்று தெரு தள்ளி நின்றால் மெல்ல மெல்லச் சரியும். எனவே சுருதி எந்த நொடியில் இறங்குகிறது என்பது லாரி மிக அருகில் வந்த நேரத்தைச் சொல்கிறது. எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பது நமக்கும் சாலைக்கும் உள்ள தூரத்தைச் சொல்கிறது. லாரி எந்த நேரத்தில் சாலையில் எங்கே இருந்தது என்பது துல்லியமாகத் தெரிந்தால், கண்ணைத் திறக்காமலே நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

கடலிலும் இதே கணக்குதான். நிற்பவர் கத்துகிறார், ஓடுபவர் கேட்கிறார் என்பதே வேறுபாடு. செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் அளவு வேகத்தில் ஓடுகிறது. படகின் கருவி 406 மெகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 40 கோடியே 60 லட்சம் அதிர்வுகளில் ஒலிபரப்புகிறது. செயற்கைக்கோள் அடிவானத்தில் தோன்றும்போது அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 9,000 கூடுதலாகத் தெரியும். மறையும்போது அதே அளவு குறைவாகத் தெரியும். லட்சத்தில் இரண்டு பங்கு மாற்றம்தான். ஆனால் அதை அளப்பது மின்னணுவியலுக்குக் கடினமில்லை. தலைக்கு மேலே ஒருமுறை கடக்க ஆகும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் கிடைக்கும் அளவீடுகளைக் கோடாக இணைத்தால் சரிவு வளைகோடு ஒன்று கிடைக்கும். அதன் நடுப்புள்ளியும் செங்குத்தும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு குழப்பம் எஞ்சும். சாலையிலிருந்து மூன்று தெரு என்பது தெரியும். இடப்பக்கமா வலப்பக்கமா என்பது தெரியாது. அதுபோலச் செயற்கைக்கோளின் பாதைக்கு இருபுறமும் இரண்டு இடங்கள் விடையாக வரும். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் ஒரு பக்கம் இருப்பவர் செயற்கைக்கோளை நோக்கிச் சற்றே நகர்கிறார், மறுபக்கம் இருப்பவர் விலகுகிறார். அந்தச் சிறு வேறுபாடு பெரும்பாலும் சரியான பக்கத்தைக் காட்டிவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால், வேறொரு பாதையில் வரும் அடுத்த செயற்கைக்கோள் தீர்த்துவைக்கும். இரண்டு கணக்குக்கும் பொதுவாக வரும் இடம்தான் உண்மையான இடம்.

இது வெறும் ஏட்டுக் கணக்காக இருந்துவிடவில்லை என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தபோது அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இருவர் அதன் பீப் ஒலியின் சுருதி மாறுவதைப் பதிவுசெய்தார்கள். தாங்கள் இருக்கும் இடம் தெரியும் என்பதால், அந்த மாற்றத்திலிருந்து ஸ்புட்னிக்கின் பாதையையே கணக்கிட்டார்கள். மறு ஆண்டு அவர்களுடைய மேலாளர் ஃபிராங்க் மெக்ளூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: பாதை தெரிந்தால் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? உலகின் முதல் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான டிரான்சிட் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. இன்றும் மீட்பு அமைப்பு தன்னைத்தானே சோதித்துக்கொண்டே இருக்கிறது. பூமியின் சில இடங்களில், இருப்பிடம் துல்லியமாக அளக்கப்பட்ட சோதனைக் கருவிகள் அதே அதிர்வெண்ணில் ஒலிபரப்புகின்றன. கணக்கு அவற்றின் இடத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தால் பிழையின் அளவு தெரிந்துவிடும். டாப்ளர் முறையில் 406 மெகாஹெர்ட்ஸ் கருவியின் இடம் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் கிடைக்கிறது.

406 என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு தோல்வியின் பாடம் இருக்கிறது. தொடக்கத்தில் பயன்பட்ட அதிர்வெண் 121.5 மெகாஹெர்ட்ஸ். அந்தக் கருவிகளின் சுருதி நிலையாக நிற்காது. கருவியே சுருதி தவறினால் டாப்ளர் கணக்கு அதை இட மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். பிழை இருபது கிலோமீட்டர்வரை போனது. அதைவிடப் பெரிய குறை, அவற்றின் குரலில் பெயர் இல்லை. யார், எந்த நாடு, படகா விமானமா என்று எதுவும் தெரியாது. பீட்சா அடுப்புகள், பணம் தரும் ஏடிஎம் எந்திரங்கள், விளையாட்டரங்கின் மதிப்பெண் பலகைகள்கூட அந்த அதிர்வெண்ணில் கசிந்து அபயக் குரலாகப் பதிவாயின என்று அமெரிக்க வளிமண்டல, கடலியல் அமைப்பு சொல்லியிருக்கிறது. 2004 அக்டோபரில் ஓரிகன் மாநிலத்தில் கோர்வாலிஸ் என்ற ஊரின் அடுக்ககம் ஒன்றிலிருந்து வந்த குரலைத் தேடி மீட்புக் குழு கதவைத் தட்டியது. உள்ளே இருந்தது பழுதான ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதையே நிறுத்திவிட்டன.

அதன் இடத்துக்கு வந்த 406 மெகாஹெர்ட்ஸ் கருவியின் வடிவமைப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். பொதுவாக வழங்கும் வகையைச் சொல்கிறேன். அது அரை நொடி பேசும். பிறகு ஏறக்குறைய ஐம்பது நொடிக்கு வாய் மூடிக்கொள்ளும். மீண்டும் அரை நொடி பேசும். அந்த அரை நொடிக்குள் அதிகபட்சம் 144 பிட் தகவல்: நாட்டின் குறியீடு, கருவியின் தனி அடையாள எண், ஜிபிஎஸ் இணைந்திருந்தால் இருப்பிடம். இந்தியாவின் குறியீடு 419, இலங்கையின் குறியீடு 417. ஆபத்தில் இருப்பவர் ஏன் விடாமல் கத்தக் கூடாது? ஏனென்றால் ஒரே புயலில் பத்துப் படகுகள் மூழ்கலாம். 406.0 முதல் 406.1 வரையிலான குறுகிய பட்டை, உலகின் எல்லாக் கடல்களுக்கும் மலைகளுக்கும் பொதுவான ஒரே வாய்க்கால். ஒருவர் விடாமல் கத்தினால் மற்றவர் குரல் கேட்காது. நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் பேசினால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் அடுத்தவருக்குக் கிடைக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த ஐம்பது நொடி கறாரான ஐம்பது இல்லை. ஒவ்வொரு முறையும் 47.5-க்கும் 52.5-க்கும் இடையே ஏதோ ஓர் எண்ணைக் கருவி தற்செயலாகத் தேர்ந்துகொள்ளும். இரண்டு கருவிகள் தற்செயலாக ஒரே கணத்தில் பேசத் தொடங்கிவிட்டால், இடைவெளி மாறாமல் இருக்கும் பட்சத்தில் கடைசிவரை ஒன்றின்மேல் ஒன்று விழுந்துகொண்டே இருக்கும். இடைவெளி மாறுவதால் பெரும்பாலும் அடுத்த முறையே விலகிவிடும். எதிரெதிரே வரும் இரண்டு எந்திரப் படகுகளும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்று 1972-இல் வகுத்த பன்னாட்டுக் கடல் விதி சொல்கிறது. அந்த ஒதுங்கலைத்தான் இந்தக் கருவி அலைவெளியில் செய்கிறது. சாகக் கிடக்கும் நேரத்திலும் அடுத்தவருக்கு வழிவிடும்படி பொறியாளர்கள் அதைப் பழக்கியிருக்கிறார்கள். அந்த மரியாதையால் அதற்கே பலன் உண்டு: ஐந்து வாட் ஆற்றலில் ஒலிபரப்பும் கருவி, பெரும்பகுதி நேரம் மௌனமாக இருப்பதால்தான் படகுக் கருவியின் பேட்டரி 48 மணி நேரம் தாங்குகிறது.

தாழ்வான சுற்றுப்பாதைக்கு ஒரு குறை உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துருவங்களின் மேலாகச் சுற்றும் அந்தச் செயற்கைக்கோள்களின் பாதைகள் துருவங்களில் நெருங்கியும் நிலநடுக்கோட்டில் விலகியும் இருக்கும். கன்னியாகுமரிக் கடலில் இருப்பவர் அடுத்த செயற்கைக்கோளுக்காக மணிக்கணக்கில் காத்திருக்க நேரலாம். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. இந்தியாவின் இன்சாட்-3டி போன்றவற்றில் மீட்புக் குரலைக் கேட்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. ஆனால் நம்மைப் பொறுத்து நகராத ஒன்றிடம் சுருதி மாற்றமும் இருக்காது. எனவே குரல் உடனே கேட்கும், கருவி தானே தன் இடத்தைச் சொன்னாலொழிய இடம் தெரியாது. ஜிபிஎஸ், கலீலியோ, குளோனாஸ் போன்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள்களிலேயே கேட்கும் கருவியைப் பொருத்தியது இந்த இரண்டுக்கும் நடுவழி. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே சமயம் பல செயற்கைக்கோள்கள் தெரிவதால், ஒரே அரை நொடிக் குரல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தாமதமாக, எந்தச் சுருதியில் வந்தது என்று ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் இடத்தைக் கண்டுவிடலாம்.

இவ்வளவு நுட்பமும் ஒரு மனிதச் செயலில் வந்து முட்டிக்கொள்கிறது. வந்து சேரும் அபயக் குரல்களில் மிகப் பெரும்பாலானவை பொய்யானவை. பத்தில் ஒன்பதுக்கும் மேல் என்பது பல நாடுகளின் அனுபவம். ஏமாற்றும் நோக்கம் அநேகமாக எதிலும் இல்லை. படகைக் கழுவும்போது தண்ணீர் பட்டு இயங்கிவிடுகிறது. வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று சோதனைப் பொத்தானுக்குப் பதிலாக உண்மைப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். பழைய கருவியைப் பேட்டரியோடு குப்பையில் போடுகிறார்கள், குப்பைமேட்டில் அது விழித்துக்கொள்கிறது. குரல் பொய்யா மெய்யா என்று இயற்பியலால் சொல்ல முடியாது. இரண்டின் சுருதியும் ஒன்றே. அதைச் சொல்லக்கூடியது கருவியின் அடையாள எண்ணுக்கு எதிரே எழுதப்பட்ட தொலைபேசி எண் மட்டும்தான். இந்தியக் குறியீடு கொண்ட கருவிகளின் பதிவேடு பீன்யா மையத்தில் இருக்கிறது. குரல் வந்ததும் பதிவைப் புரட்டி உரிமையாளரையோ அவர் வீட்டாரையோ அழைத்தால், படகு துறைமுகத்தில்தான் கட்டிக் கிடக்கிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உண்மையான ஆபத்து என்றால் படகின் நிறம், நீளம், எத்தனை பேர் போனார்கள் என்பதையும் வீட்டாரே சொல்லிவிடுவார்கள். பதிவு இல்லாத கருவி என்றால் குரலை மெய் என்றே எடுத்துக்கொண்டாக வேண்டும். மும்பை, சென்னை, போர்ட் பிளேரில் கடலோரக் காவல் படை நடத்தும் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களில் ஒன்றுக்குச் சேதி போகும். விமானமோ கப்பலோ புறப்படும். அந்த நேரத்தில் வேறொரு திசையில் ஒரு படகு உண்மையாகவே மூழ்கினால், அதைத் தேட வேண்டிய விமானம் வெற்றுக் கடலைச் சுற்றிக்கொண்டிருக்கும். பொது நீர்ப்பரப்பில் மரியாதை என்பதைப் பலரும் வேகத்தைக் குறைப்பது, அலை கிளப்பாமல் போவது, எதிரில் வருபவருக்கு வழிவிடுவது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் வாதம், கருவியைப் பதிவுசெய்வதும் தவறாக இயங்கிய கருவிக்காக உடனே தொலைபேசியை எடுப்பதும் அதே வரிசையில் சேர வேண்டியவை என்பது. எந்திரம் தன் பங்கு மரியாதையைச் செய்து முடித்துவிட்டது. பாக்கி இருப்பது உரிமையாளரின் பங்கு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொய்க் குரலை இப்படிக் கண்டித்தால், உண்மையான ஆபத்தில் இருப்பவர் தயங்கமாட்டாரா? எந்திரம் நின்றிருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது, ஆனால் இன்னும் மூழ்கவில்லை; இப்போது அழுத்தினால் ஏசுவார்களோ என்று ஒரு மணி நேரம் பொறுத்தால், அந்த ஒரு மணி நேரமே உயிரைக் குடித்துவிடலாம். இந்த அச்சம் நியாயமானது. அதனால் கோடு சரியான இடத்தில் விழ வேண்டும். சந்தேகத்தோடு அழுத்துவது பொய்க் குரல் ஆகாது. அழுத்திய பிறகு தாமாகவே தப்பித்துக் கரை சேர்ந்தாலும் ஆகாது. மேலே சொன்ன கழுவல், சோதனை, குப்பை ஆகிய மூன்றிலும் ஆபத்தின் சாயலே கிடையாது. அங்கேயும் தவறி இயக்கியவரைத் தண்டிப்பதைவிடத் தயங்காமல் சொல்ல வைப்பதே பயன் தரும். கருவி தவறாக இயங்கிவிட்டால் சத்தமின்றி அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவதுதான் பலரும் செய்வது. பயத்தால்தான் அப்படிச் செய்கிறார்கள். குரல் திடீரென்று நின்றுபோனால், கேட்பவருக்கு அது படகு மூழ்கியதற்கான அடையாளமாகவும் படலாம். கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண்ணான 1554-ஐ அழைத்து, தவறுதலாக நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

கைபேசியும் ஜிபிஎஸ்ஸும் இருக்கும்போது இந்தத் தனிக் கருவி எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஜிபிஎஸ் கேட்கும் கருவி. பேசும் கருவி இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குச் சொல்லும், வேறெவருக்கும் சொல்லாது. செயற்கைக்கோள் வழியே சேதி அனுப்பும் கைபேசிகள் சில நாடுகளில் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் அவை வானை நோக்கிப் பிடித்திருக்கும் ஒரு கையை எதிர்பார்க்கின்றன. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கை இல்லை. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இந்த அதிர்வெண்ணில் வானொலி அலை சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் செத்துவிடும். எனவே ஆண்டெனா நீருக்கு மேல் நின்றே தீர வேண்டும். கப்பல்களில் பொருத்தும் ஈபெர்ப் வகைக் கருவி நிமிர்ந்து மிதக்கும்படி எடை கட்டி வார்க்கப்படுகிறது. கப்பல் மூழ்கி ஒன்றரை முதல் நான்கு மீட்டர் ஆழம் போனதும் நீரின் அழுத்தமே பிடிப்பை விடுவித்து அதை மேலே அனுப்பிவிடும். யாரும் அழுத்த வேண்டியதில்லை. 1982 தொடங்கி இந்த அமைப்பின் துணையால் உலகெங்கும் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டிருக்கிறார்கள் என்றால், இந்த முரட்டு எளிமைக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

மூன்றாவது மறுப்பு மீனவர் தரப்பிலிருந்து வருவது. அதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஈபெர்ப் கப்பல் முதலாளிக்குக் கட்டுப்படியாகும், வள்ளக்காரருக்குக் கட்டுப்படியாகாது. மேலும், படகில் வைக்கும் எந்தக் கருவியும் மீன் கிடைக்கும் இடத்தை ஊருக்குக் காட்டிக்கொடுக்குமோ, எல்லைப் பிரச்சினையில் மாட்டிவிடுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. முதற்பகுதிக்கு இஸ்ரோ சொன்ன விடை டாட் எனப்படும் ஆபத்து அறிவிப்புக் கருவி. 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது; இந்தியச் செயற்கைக்கோள் வழியே பேசுகிறது; தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், மருத்துவ உதவி என்று ஆபத்தின் வகையையும் சொல்லும். அதன் குரலும் பீன்யா மையத்துக்கே வருகிறது. 20,000-க்கும் மேற்பட்ட கருவிகள் மீனவர் கையில் உள்ளன. இரண்டாம் பகுதிக்கு விடை கருவியின் இயல்பிலேயே இருக்கிறது. படகின் நடமாட்டத்தைத் தொடர்ந்து அறிவிக்கும் கண்காணிப்புக் கருவி வேறு. ஆபத்துக் கருவி வேறு. பின்னது பொத்தானை அழுத்தும்வரை ஊமை. தங்குகடல் மீன்பிடிப்புக்குப் போகும் ஒருவர் மாதக்கணக்கில் அதைப் பக்கத்தில் வைத்திருந்தாலும், அவர் வலை வீசும் இடம் பீன்யாவுக்குத் தெரியாது. இந்த வேறுபாட்டைத் துறைமுகம் துறைமுகமாகப் போய் விளக்காமல், கருவியை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை.

பழைய டாட் கருவியின் பெரிய குறை, பேசியவருக்குப் பதில் கிடைக்காதது. கொந்தளிக்கும் கடலில் பொத்தானை அழுத்திவிட்டு, சேதி போயிற்றா இல்லையா என்று தெரியாமல் கிடக்க வேண்டும். 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறைக் கருவி இதை மாற்றுகிறது. குரல் கிடைத்தது என்ற ஒப்புதல் தரையிலிருந்து படகுக்குத் திரும்பி வருகிறது. இந்தியாவின் நாவிக் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களைக் கொண்டு தன் இடத்தை அறிந்துகொள்ளும் அந்தக் கருவிக்கு, புயல், சுனாமி எச்சரிக்கைகளையும் அனுப்ப முடியும். புளூடூத் வழியே கைபேசியுடன் இணைத்து அவற்றைத் தாய்மொழியில் படிக்கலாம். ஒக்கியின்போது இரு திசையிலும் அறுந்துகிடந்த தொடர்புக்கு இப்போதுதான் இரு திசையிலும் பாதை கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவின் கலீலியோவும் 2020 ஜனவரியில் இதேபோன்ற மறுமொழிச் சேவையைத் தொடங்கியது. திரும்பி வரும் இந்தப் பதிலால் இன்னொரு பலனும் உண்டு. படகைக் கழுவும்போது கருவியைத் தெரியாமல் இயக்கிவிட்டவர், பழைய ஏற்பாட்டில் கடலோரக் காவல் படை தேடி வரும்வரை அதை அறியவே மாட்டார். இப்போது கருவியே, உங்கள் குரல் கேட்டுவிட்டது என்று அவருக்குச் சொல்லும். காஸ்பாஸ்-சார்சாட் அமைப்பின் இரண்டாம் தலைமுறைக் கருவிகளில், முன்பு அனுப்பிய குரலைத் திரும்பப் பெறும் சேதியை அனுப்பவும் வசதி இருக்கிறது.